கடிகாரப்படி இரண்டு மணி நேரம்

1

போன வாரம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த சீனப் பெண் ஒருத்தி, "உங்கள் சொந்த ஊர் இங்கிருந்து எவ்வளவு தூரம்?" என்று கேட்டாள். இருபது வருடமாக இந்தக் கேள்விக்கு யோசிக்காமல் சொல்லி வந்த பதில் ஒன்று என்னிடம் இருந்தது. "பக்கம்தான், நாலரை மணி நேரம்." அன்றைக்கு அது வாயில் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதை அவளிடம் சொல்ல முடியாது. உங்களிடம் சொல்லலாம்.

இரண்டு ஊர்ப் பெயர்களைத் தட்டினால் நடுவில் எத்தனை கிலோமீட்டர், விமானத்தில் எத்தனை மணி நேரம் என்று சொல்கிற இணையப் பக்கங்கள் இருக்கின்றன. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அதைப் பார்ப்பது ஒரு வியாதி. சிங்கப்பூர், கொச்சி என்று தட்டினால் மூவாயிரத்து இருநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்பின்னாகக் காட்டும். சிங்கப்பூர், கோயமுத்தூர் என்று தட்டினாலும் ஏறக்குறைய அதேதான். கடலுக்கு மேலே அழகாக ஒரு கோடு வளைந்து போகும். அது காக்காய்க்குப் போட்ட கணக்கு. காக்காய் வருகைப் படிவம் நிரப்புவதில்லை, விடுப்பு எழுதிக் கொடுப்பதில்லை.

இதில் இன்னொரு சௌகரியமும் உண்டு. சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. காலை எட்டுக்கு விமானம் ஏறினால், இறங்கும்போது கொச்சியில் மணி பத்துதான். கடிகாரப்படி பார்த்தால் இரண்டே மணி நேரப் பயணம். மீனாட்சிபுரத்தில் பஸ் ஏறி, பொள்ளாச்சியில் மாறி, கோயமுத்தூர் போய் இறங்கி ஒரு காபி குடிப்பதற்குள் இந்த நேரம் ஆகிவிடும். இப்படிச் சொல்லிச் சொல்லி நானே அதை நம்பிவிட்டேன்.

2

எங்கள் வீடு தமிழ்நாடு, கேரளா எல்லையில் இருக்கிற மீனாட்சிபுரத்துக்குப் பக்கம். பஞ்சாயத்து கேரளா, பேச்சு கோயமுத்தூர், பாலுக்கு மட்டும் எந்த மாநிலமும் கிடையாது. அப்பா நான் கல்லூரியில் படிக்கும்போதே போய்விட்டார். அம்மா வேறு எந்த வருடத்தில் போயிருந்தாலும் வந்து பார்த்திருப்பேன். அம்மா போனது விமானங்களே பறக்காமல் இருந்த மாதங்களில். எரியூட்டியதைத் தொலைபேசியில் பார்த்தேன். நடுவில் நெட் போய்விட்டது.

மிச்சம் இருப்பது தம்பி செந்தில் மட்டும். எட்டு மாடு, ஒரு தென்னந்தோப்பு, வயது முப்பத்தொன்பது. எங்கள் பக்கத்தில் தோப்பு வைத்திருக்கிறவனுக்குப் பெண் கிடைப்பதில்லை என்பது ஊருக்கே தெரிந்த கதை. பெங்களூரில் வாடகை வீட்டில் இருக்கிறவனுக்குக் கொடுப்பார்கள், எட்டு ஏக்கர்க்காரனுக்குக் கொடுக்க மாட்டார்கள். பத்து வருடம் ஜாதகத்தோடு அலைந்து, கடைசியில் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட டீச்சர் அமைந்தாள். அலைந்தது நான் இல்லை. பெரியப்பா மகள் பூங்கொடி. என்னைவிட ஒரு வயது மூத்தவள், தம்பி வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டரில் இருக்கிறாள். நான் செய்ததெல்லாம் சிங்கப்பூரிலிருந்து ஜாதகங்களைத் தள்ளுபடி செய்ததுதான்.

எங்கள் கல்யாணங்களில் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையும் அவனுடைய உடன்பிறந்தவளும் மணையில் ஜோடியாக உட்கார வேண்டும். மணப்பெண்ணுக்கு எடுத்த கூறைச்சேலையின் ஒரு தலைப்பு அவனிடம், மறு தலைப்பு அவளிடம். சடங்குகளை நடத்துகிற பெரியவரை அருமைக்காரர் என்போம். அவர் வந்து சீர் செய்வார். தாலி கட்டும்போது மனைவி பக்கத்தில் உட்காருவதற்கு முன்னால் அக்காளோ தங்கையோ உட்கார்ந்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் இருக்கிற ஒரே நாற்காலி அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா இறந்த வாரத்தில் தொலைபேசியில் அழுதுகொண்டே தம்பியிடம் சொன்னேன். "உன்ற கல்யாணத்துக்கு நான்தான்டா இணைச்சீர். எல்லாத்துக்கும் முன்னாடி வந்து நிப்பேன்."

"செரிங்க்கா" என்றான்.

எங்கள் ஊர்க்காரர்கள் 'செரி' என்று சொன்னால் ஒத்துக்கொண்டார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பேச்சை முடித்துக்கொள்கிறார்கள் என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். இருபது வருடத்தில் எனக்கு அது மறந்துவிட்டிருந்தது.

3

புதன்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு இணைச்சீர், வியாழன் காலை முகூர்த்தம். மூன்று மாதம் முந்தியே தம்பி கூப்பிட்டான்.

"ஏனுங்க்கா, ஒரு வாரம் முந்தியே வந்துருங்களேன். சேலை எடுக்கறது, பந்தக்கால் நடறது எல்லாத்துக்கும் நீங்க இருந்தா நல்லா இருக்கும்."

"எதுக்குடா சாமி? நாலரை மணி நேரம். புதன்கெழம காலைல ஏறுனா மத்தியானச் சோத்துக்கு ஊட்ல இருப்பேன்."

"செரிங்க்கா."

விடுப்பு இல்லாமல் இல்லை. இருந்தது. அதை டிசம்பரில் ஜப்பான் போவதற்கு எடுத்து வைத்திருந்தேன். டோக்கியோ ஏழு மணி நேரம், ஆகவே அதற்கு ஒன்பது நாள். ஊர் நாலரை மணி நேரம், ஆகவே அதற்கு மூன்று நாள். ஒரு ஊர் பக்கத்தில் இருப்பதற்குக் கிடைக்கிற தண்டனை இது. தூரத்தில் இருந்திருந்தால் நானும் மரியாதையாகப் பதினைந்து நாள் போட்டிருப்பேன்.

கோயமுத்தூருக்குப் போக வேண்டுமென்றால் முந்தின நாளே கிளம்ப வேண்டியிருந்தது. ஒரு நாள் விடுப்பு கூடுதலாகப் போகும். கொச்சிக்குப் புதன் காலையிலேயே விமானம் இருந்தது. இணையப் பக்கத்தைப் பார்த்தேன், நேரம் ஒன்றுதான். கொச்சியில் இறங்கி வாடகைக் கார் பிடித்தால் மூன்றரை மணி நேரம், இரண்டு மணிக்கு வீடு, குளித்து ஒரு தூக்கம் போட்டு ஆறு மணிக்கு மணையில் உட்காரலாம். இந்தத் திட்டத்தில் எனக்கு அவ்வளவு பெருமை. போக வர எடுத்த டிக்கெட்டை அப்படியே தம்பிக்கு அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று திரும்பி வந்தது.

கணவருக்கு வேலை இருந்தது. அவருக்கு எப்போதும் இருக்கும். மகள் யாழினியைக் கூட்டிக்கொண்டேன். பதினைந்து வயது. "எத்தனை மணி நேரம் அங்கே இருக்க வேண்டும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நாள் கணக்கில் கேட்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. வீட்டில் அவள் பேசுவது ஆங்கிலம். தமிழ் என்றால் பள்ளியின் வாய்மொழித் தேர்வுக்குப் பேசுகிற தமிழ்தான், எழுவாய் பயனிலை பிசகாது. "அம்மா, தாங்கள் அமர்ந்திருக்கும்போது நான் காணொளி எடுக்கலாமா?" என்றாள். என் வயிற்றில் பிறந்தது செய்தி வாசிக்கிறதே என்று சிரித்தேன்.

விமான நிலையத்திலேயே பட்டுச்சேலை கட்டிக்கொண்டுதான் ஏறினேன். ஒரு நிமிடத்தையும் வீணாக்கக் கூடாது பாருங்கள்.

4

பத்து மணிக்குக் கொச்சி. வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டுக்காரர்கள் வரிசையில் நின்றோம். கையில் ஒரு படிவம். இந்தியாவில் தங்கும் இடம் ஓட்டலா, உறவினர் வீடா, வேறா என்று கேட்டிருந்தார்கள். நான் பிறந்த வீட்டின் விலாசத்தை எழுதி, உறவினர் வீடு என்ற கட்டத்தில் புள்ளடி போட்டேன். அதிகாரி மலையாளத்தில் எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார். தம்பிக்குக் கல்யாணம் என்றேன். "இன்னைக்கோ? நன்னாயி" என்று சொல்லி ஒரு மாதிரிச் சிரித்தார். அந்தச் சிரிப்பின் அர்த்தம் தொலைபேசியைத் திறந்ததும் புரிந்தது.

தம்பி அனுப்பியிருந்த குரல் செய்தி: "அக்கா, இன்னைக்கு இங்க ஹர்த்தாலுங்க. நேத்து ராத்திரிதான் சொன்னாங்க. சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் வண்டி ஓடாது. கோயமுத்தூரு வந்திருந்தீங்கன்னா தமிழ்நாட்டுப் பக்கமாவே வந்திருக்கலாமுங்க. பாத்து வாங்க."

கேரளாவில் பிறந்து வளர்ந்தவள் நான். ஹர்த்தால் என்கிற முழு அடைப்பைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. யாரோ யாரையோ கண்டிப்பார்கள். கண்டிக்கப்படுகிறவர் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருப்பார். நாம் தெருவில் நிற்போம். சின்ன வயதில் அது எங்களுக்குத் தீபாவளிக்கு அடுத்த பண்டிகை. கோழி அடித்து, குடும்பத்தோடு கொண்டாடுவோம். இப்போது பட்டுச்சேலையோடு கொண்டாடினேன்.

டாக்ஸிக்காரர்கள் இருந்தார்கள். வண்டிகளும் இருந்தன. எல்லாம் நிழலில். பாலக்காடு என்றதும் ஒருவர் இரக்கத்தோடு கைக்கடிகாரத்தைக் காட்டி, "ஆறு மணிக்கு மேலே போகலாம் சேச்சி" என்றார். கூடுதலாகத் தருகிறேன் என்றேன். கல்லெறிந்து வண்டிக் கண்ணாடியை உடைத்தால் அதற்கும் சேச்சி தருவாரா என்று பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துக் கேட்டார். சிங்கப்பூரில் ஒரு ரயில் நாலு நிமிடம் தாமதமானால் நான் புகார் எழுதுகிறவள். இங்கே யாருக்கு எழுதுவது?

போலீஸ்காரர்கள் பயணிகளை ஒரு பஸ்ஸில் ஏற்றி ஆலுவா ரயில் நிலையத்தில் விட்டார்கள். ரயிலுக்கு ஹர்த்தால் இல்லை. பாலக்காட்டுக்குப் போகிற வண்டி ஒன்றரைக்குத்தான். கடைகள் சாத்தியிருந்தன. விமானத்தில் கொடுத்த ரொட்டியை யாழினி பையில் வைத்திருந்தாள். பாதி எனக்குக் கொடுத்துவிட்டு, "நாம் உரிய நேரத்தில் சென்றடைவோமா?" என்று கேட்டாள். அந்தத் தமிழில் கேட்டதால் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆறு மணிக்குள் போய்ச் சேராவிட்டால், அம்மா செத்த வாரத்தில் நான் கொடுத்த ஒரே வாக்கும் போய்விடும். அதை எப்படி இவளுக்குச் சொல்வது என்று தெரியவில்லை. சேர்ந்துவிடுவோம் என்றேன்.

5

நாலு மணிக்குப் பாலக்காடு. தம்பி ஏற்பாடு செய்திருந்தான். ரயில் நிலையத்துக்கு வெளியே பால் வண்டி ஒன்று நின்றது. எங்கள் ஊர்ச் சங்கத்துப் பாலைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் காலிக் கேன்களோடு திரும்புகிற வண்டி. ஓட்டுகிறவர் பெயர் ஷாஜி. தம்பியின் மாடுகள் கறக்கும் பால் தினமும் இவர் வண்டியில்தான் ஏறுகிறது.

"ஐயா, இவ்வாகனம் எப்போது புறப்படும்?" என்று யாழினி கேட்டாள்.

ஷாஜி அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "இப்போ போகும் மோளே. முன்னாடி கேறிக்கோ. ஹர்த்தாலு ஆளுகளுக்குத்தான், பாலுக்கு இல்ல."

பால், பத்திரிகை, ஆஸ்பத்திரி, கல்யாணம், விமான நிலையம் இவற்றுக்கெல்லாம் விலக்கு உண்டு என்பது கேரளத்து வழக்கம். நான் விமான நிலையத்திலிருந்து கல்யாணத்துக்குப் போகிறவள், எனக்கு இரண்டு விலக்கு. ஆனாலும் கடைசியில் என்னைக் காப்பாற்றியது பால்தான்.

புதுநகரம் தாண்டி ஒரு முக்கில் கொடியோடு பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஷாஜி இறங்கிப் போய்ப் பேசினார். ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"பால் எவிடே? காலிக் கேனல்லே?"

"காலிக் கேனு போனாத்தானே நாளைக்குப் பால் வரும்" என்றார் ஷாஜி.

"இவரு?"

"மாட்டுக்காரரோட அக்கா."

பட்டுச்சேலையில் இருந்த மாட்டுக்காரரின் அக்காவை அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். கொல்லங்கோட்டில் அடுத்த கூட்டம். அது கறார் கூட்டம். ஆறு மணிக்கு இன்னும் அரை மணி இருக்கிறது, இருந்துவிட்டுப் போங்கள், என்ன அவசரம் என்றார்கள். இறங்கிப் போய் என் தம்பி கல்யாணம், ஆறு மணிக்கு நான் மணையில் உட்கார வேண்டும் என்று மலையாளத்தில் சொன்னேன். என் மலையாளம் இருபது வருடப் பழசு. "சேச்சி எவிடுந்நா?" என்று ஒரு பையன் கேட்டான். சிங்கப்பூர் என்றேன். "அவிடே ஹர்த்தால் இல்லே?" என்று உண்மையிலேயே தெரிந்துகொள்கிற ஆசையோடு கேட்டான். இல்லை என்றதும் பாவப்பட்டான்.

சரியாக ஆறு மணிக்குக் கண்டனம் முடிந்தது. எழுந்து பின்பக்கத்து மண்ணைத் தட்டிக்கொண்டார்கள். கண்டித்தவர்களில் ஒருவரே எதிரில் இருந்த டீக்கடையின் கதவைத் திறந்து அடுப்பைப் பற்றவைத்தார். எங்களுக்கும் டீ வேண்டுமா என்று கேட்டார். முதலமடை மாந்தோப்புகளுக்கு நடுவே ஷாஜி வண்டியைப் பறக்கவிட்டார். பின்னால் கேன்கள் போட்ட சத்தத்தில் நான் அழுதது யாருக்கும் கேட்டிருக்காது.

6

மண்டபத்து வாசலில் இறங்கியபோது மணி ஏழு. மேடையில் செந்தில் மணையில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் பூங்கொடி. கூறைச்சேலைத் தலைப்பை அவள் கையிலிருந்து அருமைக்காரர் வாங்கி மடித்துக்கொண்டிருந்தார். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் இருவரும் எழுந்துவிட்டார்கள்.

யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. எல்லோரும் ஹர்த்தாலைத் திட்டினார்கள். நானும் திட்டினேன், எல்லோரையும்விடச் சத்தமாக. ஆலுவா, ரொட்டி, பால் வண்டி என்று கதையை மூன்று முறை சொன்னேன். மூன்றாவது முறை நன்றாகவே வந்தது, சிரித்தார்கள். பழி போட ஒரு ஹர்த்தால் கிடைத்ததில் எனக்குக் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது.

அப்போதுதான் பூங்கொடியின் ரவிக்கையைப் பார்த்தேன். மாம்பழ மஞ்சள் பட்டுக்குத் தோதாக, கையில் நெருக்கமாக வேலைப்பாடு செய்து, உடம்பில் ஒட்டினாற்போல் தைத்த ரவிக்கை. ஒரு நாளில் எந்தத் தையல்காரரும் அதைத் தைக்க முடியாது.

மாப்பிள்ளை அறையில் தம்பி தனியாக இருந்தபோது கேட்டேன். "பூங்கொடிக்கு அந்தச் சேலை எப்படா எடுத்தே?"

"போன மாசமுங்க."

"ஹர்த்தால் நேத்துத்தானேடா சொன்னாங்க?"

கழுத்து மாலையைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டான்.

"உங்க டிக்கெட்டப் பாத்தனுங்க்கா. வெள்ளிக்கெழம மத்தியானம் திரும்பறீங்க. மறுவூடு சனிக்கெழமை. இணைச்சீரு செஞ்சவங்க அதுக்குக் கூட வரோணுமுங்க. அந்தப் புள்ளைக்கும் புது ஊடு, பத்து நாளைக்குத் தொணைக்கு ஒரு பொம்பள வேணும். அம்மாவும் இல்லீங்க."

"என்கிட்டச் சொல்லியிருந்தா டிக்கெட்ட மாத்தியிருப்பேன்ல?"

"மாத்தறேன்னு சொல்லியிருப்பீங்க" என்றான். குரலில் கோபம் இல்லை. மாடு எத்தனை லிட்டர் கறக்கும் என்று சொல்கிற மாதிரி சொன்னான்.

"சரி, பூங்கொடிதான்னு முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா நீங்க வந்தே இருக்க மாட்டீங்களேங்க்கா."

எனக்கு அவன்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. இல்லை என்று கத்த வாயெடுத்தேன். மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஜப்பான் டிக்கெட்டுக்கு முன்பணம் கட்டிய நாள், இவன் கூப்பிட்ட நாள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. கணக்கு அவன் பக்கம்தான் இருந்தது. வெளியே யாரோ மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்கள். "வர்றனுங்க்கா" என்று போய்விட்டான்.

சாப்பாட்டுக் கூடத்துக்குப் பின்னால் பெண்கள் தாம்பூலப் பை போட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து ஒரு பையை எடுத்தேன். பூங்கொடி வந்து அதை என் கையிலிருந்து வாங்கினாள்.

"நீ எதுக்கு கண்ணு மெனக்கெடறே? காலைல இருந்து அலைஞ்சு வந்திருக்கறே. பொண்ணு ஊட்டுக்காரங்களுக்கும் வெளியூருக்காரங்களுக்கும் மாடில ரூமு போட்டிருக்குது. உனக்கு ஏசி நல்லா ஓடறதாப் பாத்து நானே ஒதுக்கி வெச்சேன்."

"நானும் கொஞ்சம் கட்டறேன் பூங்கொடி."

"எதுல என்ன வெக்கோணும்னு உனக்குத் தெரியாது கண்ணு. போய்ப் படு."

அன்பாகத்தான் சொன்னாள். அதில் சந்தேகமே இல்லை. இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கையில் வைத்து, என் விரல்களை மடித்துவிட்டாள்.

யாழினியைக் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போய்க் கதவைத் திறந்தேன். கட்டிலில் புது விரிப்பு, மேஜையில் இரண்டு தண்ணீர் பாட்டில், பிரிக்காத சோப்பு, மடித்து வைத்த துண்டு. சம்பந்தி வீட்டாருக்கு என்னென்ன வைத்திருந்தார்களோ அத்தனையும் எனக்கும் வைத்திருந்தார்கள், ஒன்றுகூடக் குறையவில்லை.